கவசம் காகிதத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது

வேடத்துக்காக வீட்டில் செய்யப்படும் தலைக்கவசங்களில் சில, பார்த்த மாத்திரத்தில் இரும்பு என்று நம்பவைத்துவிடுகின்றன. வேறு சில, எத்தனை நுணுக்கமாக வண்ணம் பூசியிருந்தாலும் விளையாட்டுச் சாமானாகவே நிற்கின்றன. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் வண்ணப்பூச்சைத்தான் காட்டுவார்கள். துருவை எப்படி வரைவது, வெள்ளிப் பூச்சு எது, பழைய இரும்பின் கருமையை எப்படிக் கொண்டுவருவது என்றுதான் தேடல் முழுக்க இருக்கும். எனக்கு இதில் உடன்பாடு வந்ததே இல்லை. சாம்பல் நிறப் பிரைமர் மட்டும் பூசி ஐந்தடி தள்ளி வைத்தால், நன்றாகச் செய்த கவசம் அப்போதே கவசமாகத்தான் தெரியும். அப்படித் தெரியாத ஒன்றை எந்த வெள்ளிப் பூச்சும் காப்பாற்றாது. வடிவம் ஃபோமில் கத்தி படுவதற்கு முன்னால், காகிதத்தில் கோடு போடும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. ஆனால் அவசரப்பட்டு எல்லோரும் கடந்துபோகிற கட்டமும் அதுதான்.

இங்கே பேசப்போவது ஈவிஏ ஃபோமில், அதாவது ரப்பர்போல் நெகிழும் பிளாஸ்டிக் நுரை ஷீட்டில், செய்யும் அலங்காரக் கவசம் பற்றி. கம்பீரமாகத் தெரிய வேண்டும், சில மணி நேரம் தலையில் உறுத்தாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அடி எதையும் அது தாங்காது. வண்டி ஓட்டவோ கம்புச் சண்டைக்கோ இதை மாட்டிக்கொண்டு போகக் கூடாது. ஃபோம் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் தீப்பந்தம் பிடிக்கும் வேடத்துக்கும் இது ஆகாது.

ஃபோமைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எடை. கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்தியுள்ள 5 மி.மீ. ஃபோம் சதுர மீட்டருக்கு அரைக் கிலோதான். முகம் திறந்த ஒரு கவசத்துக்குக் கால் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் உடல்பகுதி 125 கிராம். அதே பரப்பை 1.5 மி.மீ. எஃகில் செய்தால் மூன்று கிலோவை நெருங்கிவிடும். பட்டை, வார், பஞ்சு, வண்ணம் எல்லாம் சேர்த்தாலும் ஃபோம் கவசத்தை 400 கிராமுக்குள் நிறுத்தலாம். தரைவிரிப்பாக விற்கும் மென்மையான ஃபோமிலும் செய்யலாம், ஆனால் விளிம்பைச் சீராகத் தேய்க்க வராது, விரல் பட்டால் குழி விழும். உடலுக்கு 5 மி.மீ. ஷீட் ஒரு மீட்டருக்கு 60 செ.மீ., பட்டைகளுக்கு 2 மி.மீ. ஷீட் அரை மீட்டர், விளிம்புக்கும் முகட்டுக்கும் 10 மி.மீ. துண்டு கொஞ்சம், கான்டாக்ட் சிமென்ட் (இரு பக்கமும் தடவிக் காயவிட்டு ஒட்டும் பசை) 250 மி.லி., கட்டர் பிளேடு ஒரு பெட்டி. இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம்.

தலையை அளப்பது

நெற்றியைச் சுற்றி நாடா பிடித்து அளந்த எண்ணைக் கொண்டு நேரே வரையத் தொடங்கினால் கவசம் தலையில் இறங்காது. பெரியவர்களின் தலைச்சுற்றளவு பெரும்பாலும் 54 முதல் 60 செ.மீ.க்குள் இருக்கும். 57 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே தலைக்கு மெத்தையாக வைக்கும் 10 மி.மீ. பஞ்சுக்கு இடம் வேண்டும். அதற்கு வெளியே ஃபோமின் தடிமன் இருக்கிறது. ஷீட்டை வளைக்கும்போது உட்பக்கம் நெரியும், வெளிப்பக்கம் இழுபடும், நடுத்தடிமனில் மட்டும் நீளம் மாறாது. ஆகவே கணக்கில் சேர வேண்டியது பாதித் தடிமன், அதாவது 2.5 மி.மீ. ஆக, ஆரம் 12.5 மி.மீ. கூடுகிறது. அதை 2π-யால் பெருக்கினால் சுற்றளவில் 7.85 செ.மீ. கூட வேண்டும். 57 செ.மீ. தலைக்கு வெட்ட வேண்டிய நீளம் ஏறத்தாழ 65 செ.மீ. இந்த எட்டு சென்டிமீட்டரைக் கேட்டதும் பலருக்கு நம்பிக்கை வராது. ‘இவ்வளவு எதற்கு’ என்று மூன்றோ நான்கோ சேர்த்து வெட்டுவார்கள். அப்புறம் பஞ்சை எல்லாம் பிய்த்து எறிந்துவிட்டு, நெற்றியில் கோடு பதிய மாட்டிக்கொண்டு திரிவார்கள்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு நல்ல வழி, தலையையே அச்சாகப் பயன்படுத்துவது. இதற்கு உதவிக்கு இன்னொருவர் கட்டாயம் வேண்டும். 10 மி.மீ. பஞ்சுத் துண்டுகளை முதலிலேயே நெற்றி, இரு பக்கங்கள், பிடரி, உச்சி ஆகிய இடங்களில் வைத்து, மேலே கிளிங் ஃபிலிம் (உணவை மூடச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுற்ற வேண்டும். புருவத்துக்குக் கீழே ஃபிலிம் இறங்கவே கூடாது. மூக்கையும் வாயையும் எந்தக் காரணத்துக்காகவும் மூடக் கூடாது. கன்னத்தகடும் முகமூடியும் வேண்டுமென்றால் அவற்றைத் தனியே அட்டையில் வரைந்துகொள்ளலாம். ஃபிலிமின் மேல் டேப்பைச் சிறு சிறு துண்டுகளாக, ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறும்படி இரண்டு அடுக்கு ஒட்ட வேண்டும். நீளமாக இழுத்துச் சுற்றினால் தலையை நெரிக்கும், அச்சும் சிறுத்துப்போகும். பிறகு மார்க்கரால் நெற்றி நடுவிலிருந்து உச்சி வழியாகப் பிடரிக்கு ஒரு கோடு, காதுக்குக் காது ஒரு கோடு, புருவ மட்டத்தைச் சுற்றி ஒரு கோடு, காது இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். முனை மழுங்கிய கத்தரியால் பிடரியிலிருந்து மேல்நோக்கி வெட்டிக் கழற்றிவிடலாம்.

கழற்றிய கூட்டை அந்த இரண்டு கோடுகளில் வெட்டினால் நான்கு கால்பகுதிகள் கிடைக்கும். யாருடைய தலையும் இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்காது. ஆகவே இடப்பக்கத்து முன்துண்டையும் பின்துண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு, வலப்பக்கத்துக்கு அவற்றையே திருப்பிப்போட்டு வரைவதுதான் நல்லது. கவசம் இருபுறமும் ஒத்துத் தெரிய வேண்டும். தலையின் கோணலைப் பஞ்சு ஈடுகட்டிவிடும். பஞ்சுக்கான இடம் ஏற்கனவே அச்சில் சேர்ந்துவிட்டதால் மிச்சமிருப்பது ஃபோமின் பாதித் தடிமன்தான். அது சுற்றளவில் 16 மி.மீ. நான்கு துண்டுகளுக்கு மொத்தம் எட்டு ஓரங்கள் என்பதால் ஓரத்துக்கு 2 மி.மீ. போதும். அடியில் 2 மி.மீ. தொடங்கி உச்சிக்கு வரும்போது பூஜ்யமாகும்படி ஓரத்தை விரிக்க வேண்டும். அடிவிளிம்பில் மட்டும் 4 மி.மீ. கூட்ட வேண்டும், ஏனென்றால் உயரமும் வளர்கிறது.

இதற்கு மேல் பெரிதாக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. தலையின் அகலம் 15 செ.மீ. என்றால் பஞ்சும் ஃபோமும் சேர்ந்து 18 செ.மீ. ஆகிவிடும். அந்த மூன்று சென்டிமீட்டரே தோளைச் சிறுக்கவைக்கும். அதனால்தான் நல்ல வேடங்களில் கவசத்தோடு அகன்ற தோள்தகடும் இருக்கிறது. தோளில் வெறும் துணி மட்டும் என்றால் கவசத்தை ஒட்டிப் பிடித்தாற்போல் செய்ய வேண்டும், பஞ்சை 6 மி.மீ. ஆகக் குறைத்தாவது.

தட்டை ஷீட் குவிமாடமாகும் இடம்

எல்லாமே திரும்புகிற இடம் இதுதான். 1827இல் கணித மேதை காஸ் நிறுவிய தேற்றத்தின் நேரடி விளைவு ஒன்று: தட்டையான ஒரு பரப்பை இழுக்காமலும் சுருக்காமலும் கோளத்தின் ஒரு துண்டாகக்கூட மாற்ற முடியாது. தையல் தெரிந்தவர்களுக்கு இது தேற்றமாகவே தோன்றாது. டார்ட் பிடிக்காமல், அதாவது துணியை ஆப்பு வடிவில் மடித்துத் தைக்காமல், துணி உடம்போடு போகாது என்பது அவர்களுக்குப் பழகிய சங்கதி. ஃபோமும் அப்படித்தான். சூடாக்கி இழுத்தால் கொஞ்சம் இசைந்து கொடுக்கும், முழுக் குவிமாடத்தை அதால் கொடுக்க முடியாது. ஆகவே அந்தக் கால்பகுதி ஒவ்வொன்றையும் மேசையில் தட்டையாகப் படுக்கவைக்க, உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒரு வெட்டு போட வேண்டும். வெட்டு தானாக விரிந்து ஒரு ஆப்பு வடிவ இடைவெளி திறக்கும். எங்கே விரிவது நின்று துண்டு படிந்து உட்காருகிறதோ அதுவரை வெட்டினால் போதும். பெரும்பாலும் உச்சியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு. விரிந்த அந்த இடைவெளியை அப்படியே காகிதத்தில் படியெடுக்க வேண்டும். பலரும் அதை ‘கோணலாக இருக்கிறது’ என்று ஸ்கேல் வைத்து நேர்செய்துவிடுவார்கள். கவசம் கெடுவது அங்கேதான்.

நேர்கோடு ஏன் கெடுக்கிறது என்பதை எண்களில் பார்த்தால் சட்டென்று விளங்கும். 65 செ.மீ. சுற்றளவுள்ள அரைக்கோளத்தை எட்டு இதழ்களாகப் பிரிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; வெட்டு போட்ட ஒரு கால்பகுதி இரண்டு இதழ்களுக்குச் சமம். ஒரு இதழின் அடி அகலம் 8.1 செ.மீ., அடியிலிருந்து உச்சிவரை நீளம் 16.25 செ.மீ. கால்வாசி உயரத்தில், அதாவது 4 செ.மீ. மேலே, அகலம் 7.5 செ.மீ. இருக்க வேண்டும். பாதியில் 5.75 செ.மீ. முக்கால்வாசியில் 3.1 செ.மீ. இதே இதழை நேர்கோட்டு முக்கோணமாக வரைந்தால் இந்த அகலங்கள் முறையே 6.1, 4.1, 2 செ.மீ. ஆகிவிடும். பாதி உயரத்தில் இதழுக்கு 1.7 செ.மீ. குறைந்தால் எட்டு இதழுக்கும் சேர்த்து 13 செ.மீ.க்கு மேல் காணாமல் போகிறது. உச்சியில் நிலைமை இன்னும் மோசம். எட்டு முனைகளும் ஒவ்வொன்றும் 45 பாகை திறந்திருந்தால்தான் 360 பாகை நிறைந்து உச்சி வழவழப்பாக மூடும். முக்கோணத்தின் முனையோ 28 பாகை. எட்டையும் கூட்டினால் 225தான் வரும், உச்சி கூம்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். மந்திரவாதித் தொப்பி வேண்டும் என்றால் சரி. போர்க்கவசம் வேண்டுமென்றால் ஓரங்கள் வயிறு தள்ளி வெளிப்பக்கம் வளைந்தே ஆக வேண்டும், காகிதத்தில் பார்க்க அசிங்கமாக இருந்தாலும்.

வேண்டுமென்றே உச்சியைக் கூராக்க நினைப்பவர்களும் இதே எண்களைத்தான் திருப்பிப் பயன்படுத்துகிறார்கள். கீழ்ப்பாதியில் கோளத்தின் அகலங்களை அப்படியே வைத்துக்கொண்டு, மேல்பாதியில் மட்டும் மெல்ல மெல்ல முக்கோணத்தின் பக்கம் நகர்த்தி, நீளத்தை 3 செ.மீ. கூட்டினால் வெங்காய முனைபோல் எழும்பும் உச்சி கிடைக்கும். எந்த உயரத்தில் எவ்வளவு அகலம் என்பதைக் கையாளத் தெரிந்துவிட்டால் கற்பனைக்கு எட்டிய எந்த உச்சியையும் வரையலாம்.

வரைந்ததை உடனே ஃபோமில் வெட்டக் கூடாது. முதலில் தடித்த அட்டையில் வெட்டி, காகித டேப்பால் ஒட்டி, தலையில் மாட்டிக் கண்ணாடியில் பக்கவாட்டாகப் பார்க்க வேண்டும். நெற்றிக்கோடு கண்ணுக்கு எத்தனை மேலே நிற்கிறது, பிடரி விளிம்பு தலையை நிமிர்த்தும்போது கழுத்தில் இடிக்கிறதா, காதுக்கு மேல் காற்றுக்கு வழி இருக்கிறதா என்பதெல்லாம் இங்கே தெரிந்துவிடும். அட்டையில் பேனாவால் திருத்தி, மறுபடி தட்டையாகப் பிரித்துப் படியெடுத்ததுதான் இறுதி அச்சு. ஒவ்வொரு பொருத்தின் குறுக்கேயும் 3 செ.மீ.க்கு ஒரு குறுக்குக்கோடு போட்டு இரு துண்டிலும் ஒரே எண்ணை எழுதிவைக்க வேண்டும். வளைந்த இரண்டு ஓரங்களை ஒட்டும்போது வழிகாட்ட வேறு எதுவும் இருக்காது.

வெட்டு, சூடு, பசை

வெட்டும்போது கட்டர் ஷீட்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரே இழுப்பில் ஆழமாக வெட்டப் பார்த்தால் ஃபோம் இழுபட்டு ஓரம் உள்ளே குழியும். நீளமான இழுப்பாக இரண்டு மூன்று தடவை போனால் ஓரம் கண்ணாடிபோல் வரும். ஈவிஏ பிளேடைச் சீக்கிரமே மழுக்கிவிடும். ‘கிரீச்’ என்று சத்தம் வந்தாலோ ஓரம் பல்லுப்பல்லாகத் தெரிந்தாலோ முனையை உடைத்துப் போட்டுவிட வேண்டும், யோசிக்கவே கூடாது.

சாய்வு வெட்டு வேண்டுமா என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். இரண்டு பதிலும் சரிதான், நிலைமை வேறு. இதழ்களை வளைக்காமல் தட்டையாகவே ஒட்டினால் பக்கத்துப் பக்க இதழ்களுக்கு இடையில் 45 பாகைத் திருப்பம் வருகிறது. அப்போது ஒவ்வொரு ஓரத்தையும் 22.5 பாகை சாய்த்து வெட்டாவிட்டால் வெளிப்புறம் V வடிவப் பள்ளம் விழும். ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு இதழையும் சூடாக்கி வட்டமாக வளைத்துவிட்டால், செங்குத்தாக வெட்டிய ஓரமே தானாக மையத்தை நோக்கித் திரும்பிக்கொள்ளும், சாய்வே தேவையில்லை. எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. சாய்வு வெட்டில் கை ஐந்து பாகை தவறினால் அது பொருத்து முழுக்கத் தெரியும். வளைப்பதில் தவறினால் மறுபடி சூடாக்கிச் சரிசெய்துகொள்ளலாம்.

சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை 250 முதல் 300 பாகை செல்சியஸில் வைத்து, 10-15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிற்காமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மேற்பரப்பு லேசாகப் பளபளத்தால் துளைகள் மூடிவிட்டன என்று அர்த்தம். இதைத் தவறவிட்டால் பின்னால் எத்தனை கோட் பூசினாலும் ஃபோம் குடித்துக்கொண்டே இருக்கும். சூடாக இருக்கும்போதே ஒரு கிண்ணத்தின் வெளிப்புறத்திலோ முழங்காலிலோ அழுத்தி, ஆறும்வரை அரை நிமிடத்துக்கு மேல் பிடித்திருந்தால் வளைவு நிற்கும். குமிழி எழும்பினாலோ புகை வந்தாலோ சூடு அதிகம். எந்த அலங்காரக் கோடு வேண்டுமானாலும் இந்தச் சூட்டுக்கு முன்பே கீறிவிடலாம். 5 மி.மீ. ஷீட்டில் 2 மி.மீ. ஆழத்துக்குப் பிளேடால் கீறினால், சூடு பட்டதும் கீறல் வாய் திறந்து வார்ப்பில் செதுக்கிய கோடுபோல் நிற்கும்.

பசை கான்டாக்ட் சிமென்ட்தான். ஹாட் குளூ பொருத்தில் மேடு கட்டும், வெயிலில் இளகும். சூப்பர் குளூ ஒட்டிய இடத்தை விறைப்பாக்கி அங்கேயே முறியவைக்கும். குமிழ் ஆணி மாதிரிச் சின்ன அலங்காரங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். கான்டாக்ட் சிமென்டை இரண்டு ஓரங்களிலும் மெல்லியதாகத் தடவி, விரலால் தொட்டால் நூல் இழுக்காத நிலை வரும்வரை ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டிருக்கும். ‘பசை சரியில்லை’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த அவசரத்தால் வந்தவை. ஃபோம் முதல் பூச்சை முழுக்க உறிஞ்சிவிட்டால் இரண்டாவது பூச்சு வேண்டும். சேர்ந்த பிறகு நகர்த்தவே முடியாது என்பதால், ஓரத்தின் நடுவில் உள்ள குறியைப் பொருத்தி அங்கிருந்து இருபுறமும் விரலால் நெரித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு முனையில் தொடங்கினால் அரை மி.மீ. பிழை வழியெல்லாம் சேர்ந்து மறுமுனையில் 4 மி.மீ. ஆகத் துருத்தும். இந்தப் பசையின் ஆவி விளையாட்டல்ல. சன்னலைத் திறந்துவைப்பது மட்டும் போதாது. கரிம ஆவியை வடிகட்டும் குப்பி பொருத்திய முகமூடி வேண்டும். அருகில் தீயோ ஹீட் கன்னோ இருக்கக் கூடாது. சாதாரணத் துணிமுகமூடி ஆவியைத் தடுக்காது. ரோட்டரி கருவியில் தேய்க்கும்போது பறக்கும் தூசிக்கும் தூசிமுகமூடி வேண்டும்.

பொருத்தை மறைப்பதா, பட்டை போடுவதா

ஒட்டியதும் எல்லோரும் பொருத்தை மறைக்கத் தொடங்குவார்கள். தேய்ப்பது, அக்ரிலிக் சீலன்ட் தடவி ஈரவிரலால் நீவுவது, காய்ந்து சுருங்கியதும் மறுபடி தடவுவது என்று போய்க்கொண்டே இருக்கும். முழு வழவழப்பான ஒற்றைத் தகடாகத் தெரிய வேண்டிய கவசத்துக்கு அது தவிர்க்க முடியாத வேலை. மற்றக் கவசங்களுக்கு அந்த உழைப்பே தேவையில்லை என்பது என் கட்சி. ஐரோப்பாவின் தொடக்க இடைக்காலக் கொல்லர்களுக்கும் இதே பிரச்சினைதான் இருந்தது, ஒரே தகட்டைக் குவிமாடமாக அடித்து எழுப்புவது கடினம். அவர்கள் தகடுகளைத் துண்டுதுண்டாக வளைத்து, பொருத்தின் மேல் பட்டை வைத்துக் குமிழ் ஆணி அடித்துவிட்டார்கள். ஸ்பாங்கன்ஹெல்ம் என்ற வகையே அதுதான். நார்வேயில் 1943இல் கண்டெடுக்கப்பட்ட கியெர்முண்ட்பூ கவசமும் நான்கு தகடுகளைப் பட்டைகளால் இணைத்துச் செய்ததே. நம் நான்கு கால்பகுதிகளுக்கும் அதற்கும் கட்டமைப்பில் வித்தியாசமே இல்லை.

ஆகவே 2 மி.மீ. ஷீட்டில் 25 மி.மீ. அகலப் பட்டைகளை வெட்டி, முன்னிருந்து பின்னுக்கு ஒன்று, காதுக்குக் காது இரண்டு அரைப்பட்டைகள், நெற்றியைச் சுற்றி 35 மி.மீ. பட்டை ஒன்று என்று ஒட்டினால் நான்கு பொருத்துகளும் மறைந்துவிடும். டார்ட் வெட்டுகளின் மேல் 15 மி.மீ. பட்டை, அல்லது அதை மறைக்கும் இலை வடிவத் துண்டு. பட்டைகளில் 30 மி.மீ. இடைவெளியில் குமிழ் ஆணிகள்: 10 மி.மீ. துளைப்பானால் 5 மி.மீ. ஃபோமில் வட்டம் தட்டி எடுத்து, விளிம்பைத் தேய்த்துச் சூடு காட்டினால் குமிழாகிவிடும். நிஜக் குண்டூசி ஆணிகளைக் குத்துகிறவர்கள் உண்டு. கூர்முனை உட்புறம் தலையை நோக்கி நிற்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆணிகளின் இடைவெளியை முன்கூட்டியே பென்சிலில் குறித்துவிட்டு ஒட்டுங்கள். கண் வேறு எந்தப் பிழையை மன்னித்தாலும் வரிசை தப்பிய ஆணியை மன்னிக்காது.

விளிம்பு இன்னொரு இடம். அடியில் 5 மி.மீ. ஃபோமின் தட்டையான வெட்டு அப்படியே தெரிந்தால் எல்லாம் அம்பலமாகிவிடும். 10 மி.மீ. ஃபோமில் 12 மி.மீ. அகலக் கீற்று வெட்டி, வெளிப்பக்கத்தை அரைவட்டமாகத் தேய்த்து விளிம்பைச் சுற்றி ஒட்டினால், தகட்டை மடித்து உருட்டியது போல் தெரியும். அது தோற்றத்துக்கு மட்டுமல்ல. அந்த வளையம் இல்லாத கவசம் கழற்றி மாட்டும்போதெல்லாம் நெளியும், வண்ணம் முதலில் வெடிப்பதும் அங்கேதான்.

கொம்பு வைக்கிறவர்களுக்கு

கொம்புள்ள கவசம் என்றதும் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் நினைவுக்கு வருவதற்கு, 1876இல் ஜெர்மனியின் பைராய்ட் ஓப்பரா மேடைக்குக் கார்ல் எமில் டோப்ளர் வடிவமைத்த உடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வைக்கிங் காலத்ததான கியெர்முண்ட்பூ கவசத்தில் கொம்பு கிடையாது. டென்மார்க்கில் 1942இல் கிடைத்த வெக்ஸோ கவசங்களில் கொம்புகள் உண்டு, ஆனால் அவை வைக்கிங் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய வெண்கலக் காலத்தவை. கற்பனைக் கவசத்துக்கு இந்த வரலாறு தடையில்லை.

தடை எடையில்தான் வரும். 3 மி.மீ. அலுமினியக் கம்பியில் அலுமினியத் தாளைக் கசக்கிச் சுற்றி வேண்டிய வளைவில் ஒரு மாதிரிக் கொம்பு செய்து, தலைக்குச் செய்ததைப்போலவே ஃபிலிமும் டேப்பும் சுற்றி, நான்கு நீளக்கீற்றுகளாக வெட்டி எடுத்தால் அச்சு கிடைத்துவிடும். உள்வளைவுக் கீற்று குட்டையாக, வெளிவளைவுக் கீற்று நீளமாக வரும். அதுவே கொம்பை வளைத்துப் பிடிக்கும். உள்ளே வெற்றிடமாகச் செய்து, கடைசி சில சென்டிமீட்டர் முனையை மட்டும் ஃபோம் களிமண்ணால் நிரப்பினால் ஒரு கொம்பு 100 கிராமுக்குள் நிற்கும். தெர்மாகோலைச் செதுக்கிக் கொம்பாக்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: கான்டாக்ட் சிமென்டும் சாதாரண ஸ்ப்ரே வண்ணமும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். வெள்ளைப் பசையால் முழுக்க மூடிய பிறகுதான் அவை அருகில் வரலாம்.

கொம்பைக் கவசத்தின் மேல்பரப்பில் மட்டும் ஒட்டினால் தலை திரும்பும்போது அடிப்பரப்பு பிய்ந்துவரும். உள்ளே 10 மி.மீ. ஃபோமில் உள்ளங்கையளவு தாங்குதுண்டு ஒட்டி, அதோடு நட்டு போல்ட்டால் இறுக்கலாம். வாசல் நிலையில் இடித்தால் கழன்று விழும்படி நியோடிமியம் காந்தத்தில் நிறுத்துவது எனக்கு இன்னும் நல்லதாகப் படுகிறது. அந்தக் காந்தங்கள் குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது; இரண்டை விழுங்கினால் குடலில் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்தாகும். கொம்பு முன்சாய்வாக இருந்தால் கவசம் கண்ணின் மேல் இறங்கிக்கொண்டே இருக்கும். 25 மி.மீ. வாரை மோவாய்க்குக் கீழ் மட்டும் கட்டாமல் பிடரியிலும் ஒரு கிளை பிரித்துக் கட்டினால் நிற்கும்.

பார்வையும் மூச்சும்

முகம் மூடிய கவசத்தில் கண்பிளவு எவ்வளவு உயரம் என்று கேட்பதைவிட, கண்ணிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்க வேண்டும். 12 மி.மீ. உயரப் பிளவு கண்ணுக்கு 40 மி.மீ. முன்னால் இருந்தால் மேலும் கீழுமாக 17 பாகைதான் தெரியும். அதே பிளவை 25 மி.மீ.க்கு அருகே கொண்டுவந்தால் 27 பாகை. 40 மி.மீ. தூரத்திலேயே வைத்து அதே அளவு பார்வை வேண்டுமானால் பிளவை 20 மி.மீ. ஆக்க வேண்டும், முகத்தின் மிரட்டல் போய்விடும். ஆகவே நெற்றிப் பஞ்சை மெலிதாக்கி முகமூடியை முகத்தோடு நெருக்குவதே வழி. கண்ணாடி அணிபவர்களால் இவ்வளவு நெருக்க முடியாது. அவர்கள் பிளவுக்குக் கீழே கறுப்பு வலை வைத்த இரண்டாவது பிளவைச் சேர்த்துக்கொள்ளலாம். படி இறங்கும்போது காலடியைக் காட்டுவதும் அந்தக் கீழ்ப்பிளவுதான்.

வாய்ப்பகுதியிலும் உச்சிக்குப் பின்னாலும் துளைகள் வேண்டும். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் கீழே மட்டும் துளையிட்டால் பயனில்லை. 40 மி.மீ., 5 வோல்ட் விசிறி ஒன்றைப் பிடரிப் பக்கம் காற்றை வெளித்தள்ளும்படி வைத்து, பவர் பேங்கை இடுப்பில் செருகினால் கண்ணாடியில் ஆவி படிவது பெரிதும் குறையும். கழுத்துத் துளை வழியே தலை நுழைகிறதா என்று பார்க்க நெற்றிச் சுற்றளவு போதாது. மோவாய் நுனியையும் பின்னுச்சியையும் சுற்றி அளக்க வேண்டும். அது நுழையாவிட்டால் கவசத்தை முன்பாதி, பின்பாதி எனப் பிரித்து வெல்க்ரோவில் மூடலாம்.

வண்ணம், கடைசியாக

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ரோட்டரி கருவியில் 120 எண் உப்புத்தாள் உருளையால் தேய்த்த இடங்களில் மயிர்மயிராக எழும்பும். அவற்றின் மேல் ஹீட் கன்னை ஒரு ஓட்டு ஓட்டினால் அடங்கிவிடும். பசைப் பொருத்தின் மேல் நின்றுவிடாமல் விரைந்து கடக்க வேண்டும். அதன்மேல் ரப்பர் ஸ்ப்ரே மூன்று நான்கு கோட், ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை மணி. வெள்ளைப் பசையைச் சம அளவு தண்ணீரில் கரைத்து நான்கைந்து கோட் பூசினாலும் சிக்கனமாக முடியும், ஆனால் வியர்வை பட்டால் அது இளகிப் பிசுபிசுக்கும். நெற்றி விளிம்புக்கு அது ஆகாது. நெகிழாத எனாமல் வண்ணத்தை நேரே ஃபோமில் அடித்தால் முதல் வளைவிலேயே சிலந்திவலையாக வெடிக்கும்.

அடிக்குக் கறுப்பு அக்ரிலிக். காய்ந்ததும் ஸ்பாஞ்சில் உலோக வண்ணத்தை ஒற்றி, பெரும்பகுதியைக் காகிதத்தில் துடைத்துவிட்டு, மிச்சத்தை மேடான இடங்களில் மட்டும் தட்ட வேண்டும். பள்ளங்கள் கறுப்பாகவே இருக்கட்டும். கரும்பழுப்பும் கறுப்பும் கலந்து நான்கைந்து பங்கு தண்ணீர் சேர்த்துப் பூசி உடனே துடைத்தால் ஆணிகளைச் சுற்றி அழுக்கு தேங்கும். துருவைத் தண்ணீர் தங்கக்கூடிய இடத்தில்தான் வைக்க வேண்டும்: பட்டையின் கீழ்விளிம்பு, ஆணியின் அடிப்பக்கம். உச்சியில் துரு வைத்தால் ஏன் என்று தெரியாமலே பார்ப்பவர்களுக்குப் பொய்யாகப் படும். முழு மேட் வார்னிஷ் உலோகப் பளபளப்பைக் கொன்றுவிடும், முழுப் பளபளப்பு வார்னிஷ் பிளாஸ்டிக்காகக் காட்டும்; இரண்டுக்கும் நடுவான சாட்டின் வார்னிஷ் போதும்.

முடிந்த கவசத்தை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவைக்கக் கூடாது. அந்தச் சூட்டில் கான்டாக்ட் சிமென்ட் இளகிப் பொருத்துகள் வாய் திறக்கும், வளைத்த வளைவும் தளரும். பஞ்சுகளை வெல்க்ரோவில் ஒட்டியிருந்தால் ஒவ்வொரு முறையும் கழற்றித் துவைத்துக் காயவைக்கலாம். அலமாரியில் வைக்கும்போது உள்ளே பழைய துணியைத் திணித்து வையுங்கள், காந்தக் கொம்புகளைக் கழற்றித் தனித்தனியே சுற்றி வையுங்கள். கொம்பைப் பிடித்துத் தூக்காதிருக்கும்படி வீட்டில் இருப்பவர்களிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.